சந்தனப் பெட்டியும் நீலப் பெட்டியும்

கோவில்பட்டியில ரயில்வே கேட்டுக்கு மேற்க இருக்குற அந்த நீள வீட்டை அண்ணன் குற்றாலமும் தம்பி பால்வண்ணமும் பிரிச்சுக்கிட்டப்போ, வடக்கு ரூம்பெல்லாம் அண்ணனுக்குன்னும், தெக்கு ரூம்பெல்லாம் தம்பிக்குன்னும், வேப்பமரம் அண்ணனுக்குன்னும், அந்த மரத்து நிழல் விழுற எடம் தம்பிக்குன்னும், நடுவுல இருக்குற பெரிய ஹாலை ஆளுக்குப் பாதின்னும் பேசி முடிச்சு, பிரிக்கவே முடியாத சாமானையெல்லாம் பொதுன்னு வச்சாங்க. கோர்ட்டுல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆன பெரியநாயகம் சித்தப்பா, வெத்தலையை இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிட்டு, கோர்ட்டுல கூப்பிடுற மாதிரியே சத்தமாச் சொன்னாரு: "கிணறு பொது. மாடிப்படி பொது. மோட்டார் பொது. அக்கா பொது."

அக்கான்னா திரிபுரம். ரெண்டு பேருக்கும் மூத்தவ. கல்யாணம் கட்டிக்காதவ. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து, தூத்துக்குடிக்காரனையும் மதுரைக்காரனையும், சண்டைபோட்ட சம்பந்திகளையும், கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டிகளையும் அவங்க புருசன்மாரையும் காதோட காதா இணைச்சுவிட்டு, "லைன்ல இருக்காங்க, பேசுங்க"ன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கிறதையே வேலையாப் பார்த்து ரிட்டயர் ஆனவ. அவ பொதுன்னா, மாசத்துல முன்பாதி வடக்க சாப்பாடு, பின்பாதி தெக்க சாப்பாடு, முப்பத்தொண்ணாந் தேதி வந்துருச்சுன்னா ஓட்டல்.

"சரி"ன்னா திரிபுரம். மோட்டாருக்கு அடுத்து தன் பேரு வந்ததுல அவளுக்கு வருத்தம் இருந்துச்சு, ஆனா மோட்டார் சத்தம் போடுது, நாம போடலையேன்னு நினைச்சுக்கிட்டா.

அவளுக்குன்னு அந்த வீட்டுல இருந்தது ஹால் நடுவுல ஒரு கட்டில், ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு டேப் ரெக்கார்டரும் ஆம்ப்ளிஃபயரும், அதுக்கு ரெண்டு பக்கமும் இடுப்பு உசரத்துக்கு ரெண்டு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி. வேலைக்குச் சேர்ந்த புதுசுல மதுரையில ஒரு ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்சது. தினமும் சாயங்காலம் காப்பியைக் குடிச்சிட்டு, நாற்காலியை நேரா நடுவுல இழுத்துப் போட்டு உக்காந்து, ஒரே ஒரு ஜோடிப் பாட்டு கேப்பா. இடது பெட்டியில ஆம்பளை பாடுவான், வலது பெட்டியில பொம்பளை பாடுவா, ரெண்டும் சேர்ந்து அவ நெஞ்சுக்கு நேரா வந்து நிக்கும். காதுல கருவியை மாட்டிக்கிட்டு அடுத்தவங்க பேச்சையே இணைச்சுவிட்டவளுக்கு, அவளுக்குன்னே ரெண்டு பேரு வந்து பேசிட்டுப் போறது அந்த நேரம் ஒண்ணுதான்.

இப்போ வந்துச்சு பெயிண்டு.

மூத்தவன் பொண்டாட்டி உலகம்மை, அவ பாதி ஹாலுக்குச் சந்தனக் கலர்தான் வேணும்னா. சோபா உறை சந்தனம், ஜன்னல் திரை சந்தனம். இளையவன் பொண்டாட்டி ரேணுகா, அவ பாதிக்கு இளநீலம்தான்னா. சோபா நீலம், திரை நீலம், பல்லி ஓடினாக்கூட நீலமா ஓடணும்னு நினைக்கிற ஆளு. பெயிண்டர் மாசானம் நீலப் பொடியில முக்குன நூலை மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்துப் பிடிச்சு டப்புனு ஒரு தட்டுத் தட்டி கோடு போட்டான். கோடு செவுத்துல இறங்கி, ஆம்ப்ளிஃபயருக்கு நடுவுல ஓடி, தரையில ஊர்ந்து, திரிபுரத்தோட கட்டிலுக்கு அடியில போய் மறு செவுத்துல ஏறிருச்சு.

அடிச்சு முடிச்சதும் உலகம்மை இடுப்புல கையை வச்சுக்கிட்டுப் பார்த்தா. "எல்லாம் சரி. அந்தக் கறுப்புப் பெட்டிதான் கல்யாணப் பந்தியில காக்கா உக்காந்த மாதிரி இருக்கு."

ரேணுகா அவ பக்கத்துல இருந்து, உலகம்மையைப் பார்க்காம, செவுத்தைப் பார்த்துச் சொன்னா: "சிலருக்கு ஒரு காக்கான்னா நமக்கு மட்டும் என்ன. நீச்சல் குளத்துல எருமை விழுந்த மாதிரி இருக்கு."

ஏன்னா, வீடு பிரிஞ்ச அன்னையில இருந்து ஓரகத்திக ரெண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. எல்லாம் ஜாடைதான். மோட்டார் போடணும்னா, "மோட்டார் போட்டா நல்லாருக்கும்னு சொல்லிருங்க மதினி"ன்னு உலகம்மை திரிபுரத்துகிட்ட சொல்லுவா. எதுத்தாப்புல நிக்கிற ரேணுகா அதைக் கேட்டுட்டு, "போட்டாச்சுன்னு சொல்லிருங்க மதினி"ம்பா. திரிபுரம் ரெண்டு பக்கமும் தலையை ஆட்டிட்டு, 'ரிட்டயர் ஆகியும் எக்ஸ்சேஞ்சு விடலையே'ன்னு காப்பியை ஆத்துவா.

"மதினி, பெட்டிக்கும் பெயிண்டு அடிச்சிரலாமா?" அதிசயமா ரெண்டு பேரும் ஒரே குரல்ல கேட்டாங்க.

அவங்க ஒத்துப்போன ஒரே விசயம் அதுதாங்கிற சந்தோசத்துல, "அடிங்க, எதையாவது அடிச்சுத் தொலைங்க"ன்னு சொல்லிட்டா திரிபுரம். மாசானம் இடது பெட்டிக்குச் சந்தனமும் வலது பெட்டிக்கு நீலமும் ரெண்டு கோட்டிங் அடிச்சான். அடிச்சு முடிச்சுத் தூர நின்னு பார்த்தா, பெட்டி இருக்கிற எடமே தெரியலை. இடதுபக்கம் செவுரு, வலதுபக்கம் செவுரு.

மறுநாள் சாயங்காலம் பாட்டைப் போட்டா. முன்னால வர்ற வயலின் எல்லாம் ஒழுங்கா வந்துச்சு, புல்லாங்குழல் வந்துச்சு, சந்தனப் பெட்டியில இருந்து ஆம்பளை அவன் அடியைப் பாடி முடிச்சு, வழக்கம்போல ஒரு இழுப்பு இழுத்து, அவளுக்கு எடம் விட்டான். நீலப் பெட்டியில இருந்து அவ வரணும். வரலை. வயலின்காரங்க பிடிச்ச ஸ்வரத்தைப் பிடிச்சபடியே கைவலிக்க நின்னாங்க, தபலாக்காரன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் விரலால தட்டுற மாதிரி தட்டிக்கிட்டே இருந்தான். ஆம்பளை லேசாச் செருமினான். அப்புறம் நீலப் பெட்டியில இருந்து, அத்தனை வருசமாத் தேன் மாதிரி பாடின அதே குரல், "ம்க்கும்"னு மோவாயைத் தோள்ல இடிச்ச மாதிரி ஒரு சத்தம் குடுத்துட்டு, சொல்லிச்சு:

"முடிச்சிட்டாங்கன்னா அவங்க பாட்டுக்குப் போகச் சொல்லுங்க. நான் என் பக்கம் இருக்கேன்."

டேப்பு தீந்து டக்குனு நின்னுருச்சு. திரிபுரம் காப்பி டம்ளரைக் கீழ வச்சா.

வேற வீடா இருந்தா அலறியடிச்சு ஓடியிருப்பாங்க. இந்த வீட்டுல உலகம்மை அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து, "நம்ம பக்கத்து ஆளு ஒழுங்காத்தான பாடுதாரு, அங்கிட்டுதான் ராங்கி"ன்னா. ரேணுகா துணி மடிச்சுக்கிட்டே, "அவரு முதல்ல பாடுவாராம், இவ காத்துக்கிட்டு இருந்து பின்னாடியே பாடணுமாம். இத்தனை வருசம் பொறுத்ததே பெருசு"ன்னா. அவ்வளவுதான். அதுக்கு மேல அதுல ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இல்லை, கட்சி கட்ட வேண்டியிருந்துச்சு.

ரேடியோ மெக்கானிக் சாமுவேலைக் கூப்பிட்டாங்க. அவன் பெட்டியோட முதுகைக் கழட்டிப் பார்த்தான், ஒயரை இடதுக்கு வலதா மாத்திக் குடுத்துப் பார்த்தான். மாத்தியும் ஆம்பளை சந்தனத்துலயேதான் இருந்தான், பொம்பளை நீலத்தை விட்டு நகரலை. சாமுவேல் ஸ்குரூ டிரைவரைப் பையில சொருகிட்டு எந்திரிச்சான். "ஒயரெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. இது அவங்க குடும்ப விசயம். நாங்க தலையிடக் கூடாது"ன்னு செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

தெருவுல விசயம் பரவி, சாயங்காலமானா ஆளுக வர ஆரம்பிச்சாங்க. வந்தவங்க முதல்ல வாசப்படியில நின்னு எந்தப் பக்கம் காலை வைக்கிறதுன்னு யோசிக்கணும். சந்தனத்துல வச்சா ரேணுகா மூஞ்சியைத் திருப்புவா, நீலத்துல வச்சா உலகம்மை டம்ளரை டொக்குனு வைப்பா. கடலைமிட்டாய்க் கம்பெனியில வேலை பார்க்கிற பொம்பளைகள்லாம் ஷிஃப்டு முடிஞ்சு வந்து நீலப் பெட்டி முன்னால சம்மணம் போட்டு, "நீ விட்டுக் குடுக்காத தாயி"ன்னு பெட்டியைத் தடவிக் குடுத்தாங்க. பஜார் ஆம்பளைக சந்தனப் பக்கம் நின்னு, "எல்லா வீட்லயும் இதே கதைதான் அண்ணாச்சி"ன்னு பெட்டிக்குள்ள குனிஞ்சு ஆறுதல் சொன்னாங்க. உலகம்மை ஆம்பளை தொண்டைக்குப் பனங்கல்கண்டு போட்டுப் பால் வச்சா. அது தெரிஞ்சதும் ரேணுகா சுக்குக் காப்பி வச்சா. காலையில பார்த்தா ரெண்டு டம்ளரும் காலியா இருந்துச்சு. அதுல கூட, "அங்கிட்டு டம்ளர் பெருசா இருக்கே"ன்னு யாரோ ஜாடை பேசினாங்க. பெட்டிதான் பேசிச்சா, மனுசங்கதான் பேசினாங்களான்னு திரிபுரத்துக்கே குழம்பிப் போச்சு.

டேப்பை நிறுத்திட்டு அதுலயே இருக்கிற ரேடியோவைப் போட்டா அதுவும் அப்படித்தான். செய்தி வாசிக்கிற ஆம்பளை சந்தனத்துல இருந்து, "தென் மாவட்டங்களில் மழை பெய்யும்"பான். ஒரு நிமிசம் கழிச்சு நீலத்துல இருந்து ஒரு அம்மா, "அங்கே பெய்யட்டும்"னு முடிச்சிருவாங்க.

மூத்தவன் போய்ப் பெரியநாயகம் சித்தப்பாவைக் கூட்டிட்டு வந்தான். அவரு கோட்டு மேலயே ஒரு நாற்காலி போடச் சொல்லி, ஒரு தொடை சந்தனத்துலயும் ஒரு தொடை நீலத்துலயும் இருக்க உக்காந்து, கனைச்சிட்டு விசாரணையைத் தொடங்கினாரு.

"ஏம்ப்பா, என்ன பிரச்சினை? சொல்லு."

"நான் என்ன தப்பு பண்ணுனேன்னு முதல்ல அவங்களைச் சொல்லச் சொல்லுங்க ஐயா"ன்னு சந்தனப் பெட்டி.

"என்னம்மா, அவன் என்ன தப்பு பண்ணினான்?"

"அதுகூடத் தெரியாம இருக்காங்க பாருங்க, அதுதான் தப்புன்னு சொல்லிருங்க ஐயா"ன்னு நீலப் பெட்டி.

நீலப் பக்கத்துல கடலைமிட்டாய்ப் பொம்பளைக கை தட்டினாங்க. சந்தனப் பக்கத்துல ஒரு பெருமூச்சு, அது பெட்டியோடதா குற்றாலத்தோடதான்னு தெரியலை. சித்தப்பா வெத்தலையைக் கன்னம் மாத்தி, ஜன்னல் வழியாத் துப்பிட்டு வந்து தீர்ப்பு சொன்னாரு: "பார்க்கப் பார்க்கத்தான் பகை. நடுவுல செவுரு ஒண்ணை எழுப்பிருங்க. அவனவன் பக்கத்துல அவனவன் பாடட்டும்."

அண்ணனும் தம்பியும் தலையாட்டினாங்க. பால்வண்ணம் அளவு டேப்பை எடுத்துட்டு வந்து தரையில இழுத்தான். கட்டில் கிட்ட வந்து முட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்போதான் அந்தக் கட்டில்ல ஒருத்தி உக்காந்திருக்கிறதை எல்லாரும் பார்த்தாங்க.

"எக்கா, கொஞ்சம் எந்திரிச்சுக்க."

"எங்க போக?"

"மாடியில தண்ணித் தொட்டிக்கு அடியில ரூம்பு இருக்குல்லா, காத்தோட்டமா இருக்கும்"ன்னான் குற்றாலம். "மாடிப்படியும் பொது, நீயும் பொது. சரியாப் போச்சு."

"பாட்டு?"

"பெட்டி ஆளுக்கு ஒண்ணு இருக்கும்க்கா. ஆம்பளையைக் கேக்கணும்னா எங்க வீட்டுக்கு வா, பொம்பளையைக் கேக்கணும்னா தம்பி வீட்டுக்குப் போ."

திங்கக்கிழமை நல்ல நாள்னு கொத்தனாருக்குச் சொல்லியாச்சு. செங்கலும் மணலும் வந்து வாசல்ல இறங்கிச்சு. தெருவே கவலைப்பட்டுச்சு, ஆனா யாரைப் பத்தி? "செவுரு வந்தா அந்த ஆம்பளை ஏங்கிப் போயிருவாரே"ன்னாங்க. "அவ தனியா எப்படிப் பாடுவா"ன்னாங்க. கோயிலுக்குப் போன ரெண்டு பேரு பாட்டுக்காரங்க பேர்ல அர்ச்சனை பண்ணிட்டு வந்து பெட்டிக்குத் திருநீறு பூசினாங்க. கட்டிலை மடக்குறதுக்கு ஆளு வேணுமான்னு ஒருத்தரும் திரிபுரத்தைக் கேக்கலை.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் ஒரு சீமந்தத்துக்குப் போயிட்டாங்க; சீமந்தத்துக்கு ரெண்டு வண்டியில தனித்தனியாப் போனாங்க, அதுவேற. திரிபுரம் மட்டும் இருந்தா. நாற்காலியை நடுவுல இழுத்துப் போட்டு டேப்பை அமுக்கினா. வயலின் வந்துச்சு. ஆம்பளை பாடினான். எடம் விட்டான். அவ வரலை.

திரிபுரத்துக்கு எங்க இருந்து வந்துச்சோ அவ்வளவு எரிச்சல். "என்னதான்டி உனக்குப் பிரச்சினை? உங்க ரெண்டு பேருக்காகத் தெருவே சோறு தண்ணி இல்லாமக் கிடக்கு. நாளைக்கு என்னையத் தொட்டிக்கு அடியில கொண்டு போய்ப் போடப் போறாங்க. வாயைத் தொறந்து சொன்னாத்தான என்ன?"

 அப்புறம் நீலப் பெட்டி மெதுவாச் சொல்லிச்சு: "எனக்கு நீலம் பிடிக்காதுன்னு சொல்லிருங்கக்கா."

உடனே சந்தனப் பெட்டி, "எனக்கு மட்டும் சந்தனம் பிடிச்சுக் கிடக்காக்கும்? செவுரு மாதிரி நின்னுக்கிட்டுப் பாட வரமாட்டேங்குது, சொல்லிருங்க."

"இதை அடிக்கும்போதே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எங்களை யாரு கேட்டா?"ன்னு ரெண்டும் சொல்லிச்சுக. பெயிண்டு அடிச்சதுக்கு அப்புறம் அதுக சேர்ந்து சொன்ன முதல் சொல்லு அதுதான். சொல்லிட்டு அந்தப் பொம்பளைக் குரல், பேச்சுக்குக் கேக்குற மாதிரித்தான் கேட்டுச்சு: "உங்களுக்கு என்ன கலரு பிடிக்கும்க்கா?"

  சந்தனமா நீலமான்னு கேட்டிருந்தா திரிபுரத்துக்கு, 'உங்களுக்கு எது சவுகரியமோ'ன்னு சட்டுனு வந்திருக்கும். இது அப்படி இல்லை. டேப்பு ஓடி முடிஞ்சு டக்குனு நின்னதுக்கு அப்புறமும் அவ யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா, வெயில் சந்தனத்துல இருந்து நீலத்துக்கு நகர்ந்து போற வரைக்கும்.

திங்கக்கிழமை காலையில கொத்தனாரு நூலைப் பிடிச்சுக்கிட்டு வந்தப்போ, கட்டில் நகரலை. அது மேல திரிபுரம், குளிச்சு, தலை சீவி, ஆபீஸுக்குப் போற காலத்துல உடுத்துன வாயில் சேலையோட உக்காந்திருந்தா.

"எந்திரிக்கா, நல்ல நேரம் போகுது"ன்னான் பால்வண்ணம்.

"மூணாப் பிரிங்க."

"என்னத்தை?"

"வீட்டை. வீடு அப்பா சம்பாதிச்சது. நானும் அவருக்குத்தான் பொறந்தேன், மோட்டார் கூடச் சேர்த்து என்னைய வாங்கிட்டு வரலை."

குற்றாலம் சிரிக்கப் பார்த்தான். வரலை. எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தாங்க. அவரு வெத்தலையை ஒரு கன்னத்துல இருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாரு, திரும்ப இங்கிட்டுத் தள்ளினாரு. "சட்டப்படி..."ன்னு இழுத்தாரு. "கேட்டா உண்டு."

"அன்னைக்கே ஏன் சித்தப்பா சொல்லலை?"

"நீ கேக்கலையேம்மா."

திரிபுரம் நெத்தியில அடிச்சுக்கிட்டா. ஒரு தடவை இல்லை. ரேணுகாவே பயந்து போய், "மதினி, மெதுவா"ன்னா.

"எனக்கு ஹால் போதும். முழுசா. உங்க ரூம்புக உங்களுக்கு. எங்க வீட்டுக்குள்ள வரணும்னா ரெண்டு பக்கமும் கதவைத் தட்டிட்டு வாங்க. மாசானம், வேடிக்கை பார்த்தது போதும், எங்கடா போற, இங்க வா. கறுப்பு இருக்கா?"

"எதுக்குக்கா?"

"பெட்டிக்கு. அப்புறம் செவுத்துக்கு."

உலகம்மை குறுக்க வந்து நின்னா. "வீட்டுக்குள்ள கறுப்பா! விளக்கு வைக்கிற எடத்துல! ஊருல என்ன சொல்லுவாங்க மதினி?"

"பெட்டியை வீட்டுக்குப் பொருத்தமா அடிச்சுப் பார்த்தாச்சுல்லா? இப்போ வீட்டைப் பெட்டிக்குப் பொருத்தமா அடிக்கேன். எனக்குப் பிடிச்ச கலரு இதுதான். நேத்துத்தான் தெரிஞ்சுது."

மாசானம் தலையைச் சொறிஞ்சான். "வீட்டுச் செவுத்துக்கு நான் கறுப்பு அடிச்சதே இல்லைக்கா. பள்ளிக்கூடத்துப் போர்டுக்குத்தான் அடிச்சிருக்கேன்." "அதையே அடி"ன்னா. அடிச்சான். பெட்டி ரெண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சான்; தேய்க்கும்போது, "கூசுதுன்னு சொல்லிருங்க"ன்னு வலது பெட்டியில இருந்து ஒரு சிரிப்பு வந்துச்சு. கோடும் போச்சு, சந்தனமும் போச்சு, நீலமும் போச்சு. கொத்தனாரு செங்கலை என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு, பெட்டிக்கு அடியில பீடம் கட்டிக் குடுத்துட்டுப் போகச் சொன்னா. ஊரு ரெண்டு நாள் 'கறுப்பு வீடு, கறுப்பு வீடு'ன்னு மூக்குல விரலை வச்சுச்சு. மூணாவது நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து, மாவு அரைச்சதுக்கும் பால் வாங்கினதுக்கும் கணக்கு எழுதிப் பார்க்க இந்தச் செவுரு எவ்வளவு வாகுன்னு சொல்லிட்டுப் போனா.

பெயிண்டு காஞ்ச அன்னைக்குச் சாயங்காலம், காப்பியைக் குடிச்சிட்டு, திரிபுரம் நாற்காலியை நடுவுல இழுத்துப் போட்டா. வாசல்ல தெருவே நின்னுச்சு, எந்தப் பக்கமும் கால் வைக்கத் தெரியாம. வடக்குக் கதவுல உலகம்மை. தெக்குக் கதவுல ரேணுகா. டேப்பை அமுக்கினா.

வயலின் வந்துச்சு. புல்லாங்குழல் வந்துச்சு. ஆம்பளை அவன் அடியைப் பாடி, இழுத்து, எடம் விட்டான்.

ஒண்ணும் வரலை.

வயலின்காரங்க பிடிச்சபடி நின்னாங்க. தபலாக்காரன் தட்டிக்கிட்டே இருந்தான். வாசல்ல யாரோ, "முடிஞ்சது போ"ன்னு முணுமுணுத்தாங்க. திரிபுரம் நிமிர்ந்து உக்காந்தா. முந்தானையைச் சரி பண்ணினா. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் தொண்டையில இருந்து எடுக்காத அந்தக் குரலை எடுத்து, இடது பக்கமும் பார்க்காம வலது பக்கமும் பார்க்காம, தெளிவாச் சொன்னா:

"லைன்ல இருக்காங்க. பேசுங்க."

சொல்லி வாய் மூடலை, பாட்டுக்காரி வந்துட்டா. தொண்டை லேசாக் கட்டியிருந்துச்சு, முதல் வார்த்தை கொஞ்சம் உடைஞ்சு வந்துச்சு, அப்புறம் பழைய தேன். ரெண்டு குரலும் ரெண்டு பக்கத்துல இருந்தும் நடந்து வந்து, அவ நெஞ்சுக்கு நேரா வந்து நின்னுச்சு. திரிபுரம் கண்ணை மூடினா.

"பாவம், தொண்டை கட்டிருக்கு அந்தப் பிள்ளைக்கு"ன்னா உலகம்மை, வடக்குக் கதவுல இருந்து.

"எத்தனை நாளாச்சுக்கா வாயைத் தொறந்து! கட்டாம என்ன செய்யும்?"னா ரேணுகா, தெக்குக் கதவுல இருந்து, நேரா உலகம்மையைப் பார்த்து.

"சுக்குக் காப்பிக்கு நீ மிளகு போட்டியாட்டி?"

"போட்டேனேக்கா, நீங்க பால்ல மஞ்சள் போட்டீங்களா?"

திரிபுரம் கண்ணைத் தொறந்தா. பொறுத்துப் பார்த்தா. பாட்டு ரெண்டாவது சரணத்துக்குப் போயிருச்சு, இவளுக மஞ்சள்ல இருந்து கல்கண்டுக்குப் போயிட்டாளுக.

"ஏட்டி, பேசுறதா இருந்தா ரெண்டு பேரும் கிணத்தடிக்குப் போய்ப் பேசுங்க. அதுதான் பொது."